குரலுக்குக் கையெழுத்து யார் போடுவது?

செம்பூரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். பந்திக்கு முன் பையன்கள் ஆடுவதற்காக ஓர் ஆங்கிலப் பாட்டுப் போட்டார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டு, "இது விட்னி ஹூஸ்டன் குரல் அல்லவா? அந்த அம்மாள் காலமாகி எத்தனையோ வருஷம் ஆயிற்றே, பாட்டு என்னமோ புதிதாக இருக்கிறதே?" என்றார்.

நியாயமான கேள்வி. பாட்டின் பெயர் 'ஹையர் லவ்'. முதலில் பாடியவர் இங்கிலாந்துக்காரரான ஸ்டீவ் வின்வுட். 1986-ல் அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதே பாட்டை விட்னி 1990-ல் தம் பாணியில் பாடிப் பதிவு செய்தார். ஆனால், அந்த வருஷம் வந்த அவருடைய ஆல்பத்தின் ஜப்பான் பதிப்பில் மட்டும்தான் அது சேர்க்கப்பட்டது. மற்ற நாட்டு ரசிகர்களில் பலர் கேட்டதே இல்லை. 2012 பிப்ரவரியில், 48 வயதில், விட்னி மறைந்தார். 2019 ஜூனில் நார்வே நாட்டு கைகோ என்ற இளைஞர் அந்தக் குரலை எடுத்து, பழைய வாத்தியங்களை நீக்கி, ஹவுஸ் இசையில் ஏற்றி வெளியிட்டார். பிரிட்டனில் 2-ம் இடம் வரை போயிற்று.

ஹவுஸ் என்பது என்ன என்று கேட்கலாம். சிகாகோ நகரில் 1977-ல் 'வேர்ஹவுஸ்' என்று ஒரு நடனக் கூடம் திறந்தார்கள். பார்சல் ஆபீசில் வேலை பார்க்கும் எனக்கு வேர்ஹவுஸ் என்றால் கிடங்கு, அங்கே ஆட்டம்! அதன் பெயரின் பின்பாதிதான் இந்த இசைக்கு ஒட்டிக்கொண்டது என்பார்கள். பிராங்கி நக்கிள்ஸ் என்பவர் அங்கே இசைத்தட்டுகளை ஒன்றோடொன்று இணைத்து இரவெல்லாம் ஆட வைத்தார். தாளத்தின் நான்கு எண்ணிக்கைக்கும் தவறாமல் முரசு அடி விழும். கைகோ செய்வது அதில் நிதானமான வகை.

இந்த இசைக்குப் பழைய வழக்கம் ஒன்று உண்டு. குரலை எடுத்துக்கொள்வது, பெயரை விட்டுவிடுவது. 1989-ல் 'ரைட் ஆன் டைம்' என்ற பாட்டு பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் நின்றது. அதில் ஒலித்தது லோலெட்டா ஹாலவே 1980-ல் பாடிய வேறொரு பாட்டின் குரல். மேடையில் வாயசைத்தவரோ ஒரு மாடல் அழகி. ஹாலவே அப்போது உயிரோடு இருந்தார், தம் குரலைத் தாமே கேட்டுக்கொண்டு! தகராறு ஆகிப் பிறகுதான் சமரசம் ஏற்பட்டது.

அதோடு ஒப்பிட்டால் 'ஹையர் லவ்' எவ்வளவோ மேல். விட்னியின் பெயர் கைகோ பெயருக்குச் சமமாகப் போடப்பட்டது. வாரிசுகள் சம்மதித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பாட்டை அவரே தொண்டை திறந்து பாடியிருக்கிறார். ஆகவே எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே ஒரு உறுத்தல்: புதிய வாத்தியம் அவருக்குப் பிடித்திருக்குமா என்று யாரும் கேட்டிருக்க முடியாது. பார்சலில் அனுப்புகிறவர் கையெழுத்து இல்லாமல் மகன் கையெழுத்தோடு வருவது போலத்தான் இதுவும். வாங்கிக்கொள்கிறோம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

அடுத்த படிதான் பயமாக இருக்கிறது. 2024-ல் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் வரவழைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, தக்க சன்மானமும் கொடுத்ததாக அவரே சொன்னார். நாணயமான செயல்தான். இருந்தும், அந்தப் பாட்டை அவர்கள் பாடவில்லையே! மூச்சை எங்கே இழுப்பது, எந்தச் சொல்லை அழுத்துவது என்று தீர்மானித்தது அவர்கள் அல்ல. இதைப் பாட்டு என்று சொல்லலாம்; பாடியவர் என்று அவர்கள் பெயரைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ரஹ்மான் அளவுக்குக் கேட்டுச் செய்யாதவர்கள் நாளை எத்தனை பேர் வருவார்களோ!

எந்த வருஷம் பாடியது, பாடியது மனிதரா இயந்திரமா என்று பாட்டின் பெயரோடு ஒரு வரி போடச் சட்டம் வேண்டும்.

பெரியவரிடம் கதை முழுவதும் சொன்னேன். "அந்த ஜப்பான் பதிவைக் கேட்க முடியுமா?" என்றார். தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.