பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன்...

எங்கள் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை இல்லாத தெரு ஏது? என் கணவரும் அப்படி ஒரு பட்டறையில்தான் வேலை பார்த்தார். 2016-ல் மெஷினில் கை சிக்கி, வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. முதலாளி ஆஸ்பத்திரி செலவைக் கட்டினார். பிறகு பத்தாயிரம் ரூபாயைக் கொடுத்து, "இனி எந்தப் பாக்கியும் இல்லைன்னு எழுதிக் குடுத்துடுப்பா" என்றார். இவரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். "சோறு போட்டவர் மேல கேஸா?" என்று மாமியார் என்னைத்தான் திட்டினார்.

பக்கத்து வீட்டு அக்கா சொல்லி, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். பெண்கள், ஊனமுற்றோர், ஆலைத் தொழிலாளர்களுக்கு அங்கே வக்கீல் ஃபீஸ் கிடையாது. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய பத்திரம் 1923-ம் வருட இழப்பீட்டுச் சட்டப்படி செல்லவே செல்லாது என்றார் வக்கீலம்மா. தொழிலாளர் துணை ஆணையரிடம் இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டுமாம்; போட்டோம். வயது, சம்பளம், ஊனத்தின் சதவீதம் மூன்றையும் வைத்துத்தான் கணக்கு. சம்பளச் சீட்டு ஏது? வாராவாரம் நான் கூலி எழுதி வைத்த நோட்டுதான் கைகொடுத்தது. அலைச்சல்தான், ஆனால் ஏறக்குறைய ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிடைத்தது. மாமியார் இப்போது வாயே திறப்பதில்லை!

அந்தச் சட்டம் 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. சட்டத்தின் பெயர்தான் மாறியது, இழப்பீடு கேட்கும் உரிமை போகவில்லை. சகோதரிகளே, வீட்டுக்காரர் வாங்கும் கூலியைத் தேதியோடு எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சந்தேகமென்றால் 15100-க்கு போன் செய்து கேளுங்கள். முதலாளியிடம் நன்றி இருக்கட்டும். அதற்காக நம் பிள்ளைகளின் சோற்றை விட்டுக்கொடுக்க வேண்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம் - 2.