உணவகத்தின் முன்கதவும் அடுக்களைக் கதவும்

தென்மாவட்டச் சிறுநகரம் ஒன்றில், பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள உணவகத்தில் அண்மையில் மதிய உணவு உண்டோம். உடன் வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் நலிந்து, ஊன்றுகோலின் துணையோடு நடப்பவர். வாசலில் இரண்டு படிகள் இருந்தன. அவற்றின் ஓரமாகச் சிமெண்டுச் சரிவுப்பாதை அமைத்து, பிடித்து ஏற இரும்புக் குழாயும் பதித்திருந்தார்கள். கல்லாவிலிருந்த முதலாளி எழுந்து வந்து, "வாங்க சார், ஃபேனுக்குக் கீழ உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். கேட்கும் முன்பே இரண்டாம் முறை சோறு வந்தது. கூட்டு நன்றாக இருந்தது. ரசம் அதனினும் நன்றாக இருந்தது. இவற்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

அதே கடைவீதியில், சிறுவயதில் தம் தந்தையோடு தேநீர்க் கடையின் பின்புறம் நின்று சிரட்டையில் தேநீர் வாங்கிக் குடித்தவர் அந்த ஆசிரியர். இன்று அவரை எவரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை.

நாங்கள் மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, அடுத்த மேசையில் அமர்ந்த பெரியவர் ஒருவர் பரிமாறுபவரிடம் தாழ்ந்த குரலில், "சமையல் யாருப்பா?" என்று வினவினார். பதில் உரக்கவே வந்தது: "நம்ம ஆளுங்கதான்யா, தைரியமா சாப்பிடுங்க."

ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன்.

சிறுநகர உணவகங்களில் சாதி மறைந்துவிட்டது என்று சொல்வோர் முன்கதவை மட்டுமே பார்க்கிறார்கள். முன்கதவு திறந்தது உண்மை. அது எவருடைய பெருந்தன்மையாலும் திறந்ததன்று. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) ஆவது உறுப்பு கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றில் நுழையும் உரிமையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இவ்வுறுப்பின் வரைவு விவாதிக்கப்பட்டபோது, 'கடை' என்ற சொல்லை மிக விரிந்த பொருளிலேயே கொள்ள வேண்டும், நாடி வருவோருக்குச் சேவை வழங்கும் இடம் எதுவும் அதில் அடங்கும் என்று அம்பேத்கர் விளக்கினார். கொலம்பியாவில் படித்துத் திரும்பிய பின்னும் பரோடாவில் பார்சி விடுதி ஒன்றில் தம் அடையாளத்தை மறைத்துத் தங்க நேர்ந்து, பின்னர் தடியேந்திய கூட்டத்தால் வெளியேற்றப்பட்டவர் அவர்.

தமிழகத்தில் 1957இல் திருவல்லிக்கேணி உணவகம் ஒன்றின் பெயர்ப் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்றக் கோரிப் பெரியாரின் தொண்டர்கள் பல மாதங்கள் மறியல் செய்து சிறை சென்றனர். அப்போராட்டம் பலகையைக் குறிவைத்தது. கிராமத்துத் தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையோ அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் நீடித்தது. பலகைக்குக் கிடைத்த கவனம் குவளைக்குக் கிடைக்கவில்லை என்பது நம் பக்கத்தில் நெடுநாளாக உள்ள மனத்தாங்கல். அதில் நியாயம் உண்டு என்றே கருதுகிறேன். இன்று காகிதக் குவளைகள் வந்து அந்த வேறுபாட்டைப் பல இடங்களில் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிட்டன. வழக்குத் தொடுக்கச் சான்றாகக் காட்டக் குவளையும் இல்லாமற் போயிற்று.

அமெரிக்க வரலாற்றோடு ஒப்பிட்டால் நம் சிக்கலின் தன்மை தெளிவாகும். அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் 'ஆலீஸ் பார்பெக்யூ' என்ற குடும்ப உணவகம் இருந்தது. அங்கே கறுப்பின மக்கள் பொட்டலம் வாங்கிச் செல்லலாம். உள்ளே அமர்ந்து உண்ண இயலாது. 1964 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தப் பாகுபாட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கின் பதிவுகளில் ஒரு செய்தி உண்டு: அவ்வுணவகத்தின் 36 பணியாளர்களில் மூன்றில் இரு பங்கினர் கறுப்பினத்தவர். அவர்கள் கைபட்ட உணவை வெள்ளையர்கள் தடையின்றி உண்டனர். வெள்ளை இனவெறிக்குத் தாங்க முடியாததாக இருந்தது சமமாக அமர்வது. சாதிக்கோ உணவைத் தொடும் கையே முதல் அச்சம். அதனால்தான் இங்கே நாற்காலியை விட்டுக்கொடுத்த சாதி, அடுப்படிக்குள் பின்வாங்கி அங்கே உறுதியாக நிற்கிறது.

பள்ளிகளைப் பாருங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் விரிவாக்கப்பட்டது. அடுத்த மாதமே கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், தலித் பெண் சமைப்பதால் தம் பிள்ளைகள் உண்ண மாட்டார்கள் என்று பெற்றோர் சிலர் மறுத்தனர். மாவட்ட ஆட்சியரே சென்று எச்சரித்து, அங்கே அமர்ந்து உண்ண வேண்டியதாயிற்று. 2021 டிசம்பரில் உத்தரகாண்டின் சம்பாவத் மாவட்டப் பள்ளி ஒன்றில் இதே காரணத்துக்காக மாணவர்கள் உணவைப் புறக்கணிக்க, வேலையை இழந்தவர் சமைத்த பெண்ணே. அதன் பின்னர் தலித் மாணவர்கள், மாற்றாக வந்த ஆதிக்கச் சாதிப் பெண் சமைத்த உணவை உண்ண மறுத்தார்கள். பிள்ளைகள் கொடுத்த அந்தப் பதிலடி பல அறிக்கைகளைவிடக் கூர்மையானது.

அரசுப் பள்ளியில் இது வெளியே தெரிகிறது. ஆட்சியர் வருகிறார், செய்தியாகிறது. தனியார் உணவகத்தில் தெரிவதே இல்லை. சரக்கு மாஸ்டரைத் தெரிந்தவர் வழியாகத்தான் அமர்த்துகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு மேசை துடைக்கவும், எச்சில் இலை எடுக்கவும், பாத்திரம் துலக்கவும் வேலை கிடைக்கிறது. உண்ட பாத்திரத்தைத் தொடலாம், உண்ணப்போகும் பாத்திரத்தைத் தொடலாகாது என்பதே எழுதப்படாத விதி. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இதையும் கணக்கில் கொண்டுள்ளது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதன் 4 ஆவது பிரிவு உணவகத்தில் நுழைவதையும் அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்துவதையும் மட்டுமன்றி, தொழில் செய்வதையும் வேலையில் அமர்வதையும் தீண்டாமையின் பேரில் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால் "ஆள் தேவையில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டால் எந்த வாக்குமூலத்தைக் கொண்டு வழக்குப் பதிவது?

அடுக்களையில் யார் என்ற கேள்வி இப்போது அரசாணையாகவும் உருவெடுத்திருக்கிறது. 2024 ஜூலையில், காவடி யாத்திரைப் பாதையில் உள்ள உணவகங்கள் உரிமையாளரின் பெயரை எழுதி வைக்க வேண்டுமென்று முசாபர்நகர் காவல்துறை அறிவித்தது. உடனடி இலக்கு முஸ்லிம் வணிகர்கள். ஆயினும் பெயர் சாதியையும் காட்டிவிடும் நாட்டில், அப்பலகை தலித் தாபாக்காரரையும் காட்டிக்கொடுக்கும். ஜூலை 22 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, உணவின் வகையைக் குறிப்பிட்டால் போதும், பெயரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. அடுத்த ஆண்டே க்யூஆர் குறியீட்டின் வடிவில் அதே கேள்வி திரும்பி வந்தது. எங்கள் அடுத்த மேசைப் பெரியவர் தாழ்ந்த குரலில் கேட்டதை அரசு ஒலிபெருக்கியில் கேட்கிறது.

பெயர்ப் பலகையின் பொருளியலும் நோக்கத்தக்கது. ஐயர் மெஸ், ஐயங்கார் பேக்கரி என்ற பெயர்கள் தூய்மைக்கும் சுவைக்கும் உத்தரவாதமாக விற்கின்றன. சாதிப்பெயரே அங்கு முதலீடு. தம் சமூகத்தின் பெயரைப் பலகையில் எழுதித் துணிந்து கடை திறந்த பறையரையோ அருந்ததியரையோ நான் எந்தக் கடைவீதியிலும் கண்டதில்லை. 2016இல் சந்திரபான் பிரசாத் 'தலித் ஃபுட்ஸ்' என்ற பெயரிலேயே ஊறுகாயும் மசாலாப் பொடியும் இணையத்தில் விற்கத் தொடங்கியது இந்தக் கணக்கைத் தலைகீழாக்கும் முயற்சி. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு முதலீட்டு மானியம் தருகிறது. மானியத்தில் கடை திறக்கலாம். பலகையில் என்ன பெயர் எழுதுவது என்பதற்கு அத்திட்டத்தில் விடையில்லை.

அந்தச் சரிவுப்பாதையையும் மறந்துவிடலாகாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 தனியார் சேவையிடங்களையும் உள்ளடக்கியது. ஆனால் அதன் கீழான அணுகல் விதி வெறும் பரிந்துரையாகவே இருப்பதால் சட்டத்துக்கு முரணானது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறி, கட்டாயத் தரநிலைகளை வகுக்க ஆணையிட்டது. ஆக, அந்த முதலாளி சிமெண்டுப் பாதை போட்டது தம் விருப்பத்தினால். அதை மதிக்கிறேன். படியைச் சீர்செய்யத் தெரிந்த அதே மனிதர்தான் தம் பணியாளரின் "நம்ம ஆளுங்கதான்" என்ற விடையைக் கேட்டும் கேளாதவர்போல் கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். நல்லவர்களின் கடையிலும் அந்த விடை தயாராக இருக்கிறது.

வெளியே வந்து, பேருந்துக்குக் காத்திருக்கையில் ஆசிரியர் தம் மகளைப் பற்றிச் சொன்னார். கேட்டரிங் படித்தவர், பயணக் கப்பலொன்றின் சமையற்கூடத்தில் வேலை. நாள்தோறும் பல நாட்டவர் அவர் சமைத்ததை உண்கிறார்கள். சென்ற தை மாதம் விடுமுறையில் வந்தபோது, தெரு முனையில் சிறியதாக ஒரு டிபன் கடை போட்டால் என்ன என்று தந்தையிடம் கேட்டிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க சார்?"

"யோசிக்கலாம்மான்னு சொன்னேன்" என்றார். பேருந்து வந்துவிட்டது.