எந்த போர்ட், என்ன பிழை?

2023 நவம்பர் 8 அதிகாலை நான்கு மணிக்குச் சற்றுப் பின், ஆப்டஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பு ஆஸ்திரேலியா முழுக்கச் செயலிழந்தது. மெல்பர்னில் மின்ரயில்கள் நின்றுபோயின. சுமார் ஒரு கோடி வாடிக்கையாளர்களுக்குத் தொடர்பில்லை. 2,145 பேரின் 000 அவசர அழைப்பு போய்ச் சேரவில்லை. வெளியிலிருந்து வந்த ரூட்டிங் தகவல் வரம்பை மீறியதால் சுமார் தொண்ணூறு ரூட்டர்கள் தற்காப்புக்காகத் தம்மைத் தாமே துண்டித்துக்கொண்டன என்று நிறுவனம் பிறகு விளக்கியது. சில இடங்களுக்குப் பொறியாளர்கள் நேரில் போக வேண்டியிருந்தது.

அப்படி நேரில் போய் நிற்பவருக்குத் துணை, கருவி எழுதிவைத்திருக்கும் லாக் மட்டுமே. அதன் அடிமட்ட வரிகள் பல, நெட்வொர்க் டிரைவரை எழுதியவர் எப்போதோ தட்டச்சிட்டவை. என்னிடம் பரிசீலனைக்கு வரும் டிரைவர்களில் நான் முதலில் படிப்பது அந்த வரிகளைத்தான்.

"அனுப்ப முடியவில்லை" என்று மொட்டையாக எழுதுவது கொடுமை. நாற்பத்தெட்டு போர்ட் உள்ள பெட்டியில் எது? லினக்ஸில் நெட்வொர்க் டிரைவருக்கென்றே உள்ள லாக் ஃபங்ஷன்கள் டிரைவர் பெயர், பஸ் முகவரி, போர்ட் பெயர் மூன்றையும் தாமே முன்னால் சேர்த்துவிடும். அவை இருக்க, எதையும் சேர்க்காத பொது ஃபங்ஷனான பிரிண்ட்கே எதற்கு?

அதைவிட ஆபத்து, அதிகம் பேசும் டிரைவர். ஒரு கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 14.88 லட்சம் குட்டி பாக்கெட்டுகள் வரலாம். 115200 வேகத்தில் ஓடும் சீரியல் கன்சோலோ நொடிக்கு 140 வரிகளை அச்சிட்டாலே பெரிது. கேபிள் பழுதாகி, கெட்ட பாக்கெட் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதினால், அந்த எழுத்தே இயந்திரத்தை முடக்கிவிடும். மூலகாரணத்தைச் சொன்ன முதல் வரியும் அடித்துச் செல்லப்படும். கெட்ட பாக்கெட்டை எண்ணுங்கள், எழுதாதீர்கள். எண்ணிக்கையை ஈத்டூல் என்ற கட்டளை காட்டும். எழுதியே தீர வேண்டுமென்றால் வேக வரம்பு இருக்கிறது: இயல்பாக ஐந்து நொடிக்குப் பத்து வரி.

கேபிளைக் கழற்றுவது பிழையல்ல, தகவல். நினைவகம் கிடைக்காவிட்டால் கெர்னலே அதை எழுதிவிடும். டிரைவர் திரும்பச் சொல்ல வேண்டாம்.

மற்றபடி, எது தோற்றாலும் திரும்பி வந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். மைனஸ் 110 என்று பார்த்தால், சிட்னி டேட்டா சென்டரில் இரவு ஷிஃப்டில் இருப்பவர் கார்டு பதில் தரவில்லை என்று புரிந்துகொண்டு கார்டைச் சோதிக்கப் போவார்; கேபிளை மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்.