கழுத்தை மார்பாக்கும் மொழிபெயர்ப்பு

ஐரோப்பியப் புனைகதைகளைத் தமிழாக்கும் நண்பர்கள் 'தெகோல்தாஜ்' என்ற சொல் எதிர்ப்பட்டவுடன் ஏன் இப்படிக் கலங்கிப்போகிறார்கள்? விருந்துக் காட்சி ஒன்று. சீமாட்டி ஒருத்தி படியிறங்கி வருகிறாள். அவளுடைய கவுனின் கழுத்து தாழ்வாக வெட்டப்பட்டிருக்கிறது. மூலத்தில் இருப்பது அவ்வளவுதான். தமிழிலோ அவள் 'மார்பு தெரியும் கவர்ச்சி உடை'யில் வந்து நிற்கிறாள். ஒழுக்கம் மிகுந்தவர் கையில் அகப்பட்டால் அது 'அரைகுறை ஆடை'. ஆசிரியர் சொல்லாத தீர்ப்பொன்றை மொழிபெயர்ப்பாளர் சொல்லிவிடுகிறார். வாசகன் அதை ஆசிரியருடையது என்றே நம்புகிறான்.

சொல்லைப் பிரித்தாலே விஷயம் தெளிவாகிவிடும். 'கோல்' என்றால் கழுத்து, இலத்தீன் 'கொல்லும்' வழி வந்தது. அதன் குறுமை வடிவமான 'கோலே' சட்டையின் கழுத்துப்பட்டி. 'தே' என்ற முன்னொட்டு நீக்கத்தைக் குறிப்பது. கழுத்துப்பட்டியை நீக்கித் தாழ்த்தி வெட்டுவது என்பதே பொருள். மார்பு இதில் எங்குமில்லை. பிரெஞ்சுக்காரர் அத்தகைய கழுத்தை 'தெகோல்தே' என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். 'தெகோல்தாஜ்' வெட்டும் செயலின் பெயர். பீட்ரூட்டின் தலைப்பகுதியை இலையோடு சீவுவதும் தெகோல்தாஜ்தான். ஆல்ப்ஸ் மலையில், ஆர்வ் பள்ளத்தாக்கின் க்ளூஸ் நகரைச் சுற்றிய பட்டறைகளில் உலோகக் கம்பியைக் கடைந்து திருகாணிகளும் சிறு உதிரிபாகங்களும் செய்கிறார்களே, அத்தொழிலுக்கும் அதே பெயர். நம்மவர் அப்பட்டறையின் பெயர்ப்பலகையை எப்படித் தமிழாக்குவார் என்று யோசிக்கவே அச்சமாயிருக்கிறது.

தமிழில் இதற்குச் சொல் இல்லை என்பார்கள். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ரவிக்கை தைக்கும் ஏதேனும் ஒரு தையல்கடை வாசலில் கால்மணி நேரம் நில்லுங்கள். 'முன்கழுத்து இறக்கம் எவ்வளவும்மா?' 'ஆறு இஞ்ச் போதும்ண்ணா, பின்கழுத்து இன்னும் கொஞ்சம் இறக்குங்க.' கழுத்து, இறக்கம். பிரெஞ்சுச் சொல் எந்த உறுப்பைப் பிடித்ததோ அதே உறுப்பைத் தையற்காரரும் பிடித்திருக்கிறார். அவருடைய அளவு நோட்டில் விரசமும் இல்லை, உபதேசமும் இல்லை. இஞ்சுக் கணக்கு மட்டும்தான். இச்சொல் நம் இலக்கிய மேசைக்கு வந்து சேராததற்கு ஒரே காரணம், அது தையல்கடையில் கிடக்கிறது என்பதுதான்.

அந்நியச் சொல் மீதான வெறுப்பு என்றும் இதைக் கொள்வதற்கில்லை. 'பிளவுஸ்' பிரெஞ்சு. 'ஜாக்கெட்' பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்தது. ரவிக்கையே தெலுங்கு என்கிறார்கள். இவ்விரு ஊர்களுக்கும் பக்கத்திலிருக்கும் புதுச்சேரியில் 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்தது. அங்கே 18ஆம் நூற்றாண்டிலேயே ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழ் நாவுக்கு வளைத்துத் தம் நாட்குறிப்பில் கூசாமல் எழுதிப்போனார். ஆக, கூச்சம் சொல்லின் மீதானதல்ல, பெண்ணுடம்பின் மீதானது.

அதற்குப் 'பண்பாடு' என்று பெயர் வைக்கும்போதுதான் கோபம் வருகிறது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் பெருமாளின் ஒரு பக்கம் நிற்கும் ஸ்ரீதேவிக்குக் கச்சு உண்டு, மறுபக்கம் நிற்கும் பூதேவிக்கு இல்லை. ஸ்தபதி இருவரையும் ஒரே பக்தியோடுதான் வார்த்தான். பழைய தென்னாற்காட்டுக் கிராமங்களில் ரவிக்கையே அணியாமல் வாழ்ந்து மறைந்த கிழவிகளை என் தலைமுறை பார்த்திருக்கிறது. அவர்களை யாரும் 'அரைகுறை' என்று சொன்னதில்லை. திருவிதாங்கூரிலோ மார்பை மூட விரும்பிய நாடார் பெண்கள்தான் தாக்கப்பட்டார்கள். 1859இல் அரசு இறங்கிவந்து அனுமதித்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாதென்று நிபந்தனை விதித்தது. மூடியதும் குற்றம், இறக்கியதும் குற்றம் என்றால் குற்றம் துணியில் இல்லை.

ஒரு மறுப்பு மட்டும் நியாயமானது. ஆங்கிலத்தில் இச்சொல் நாளடைவில் உடையின் வெட்டைத் தாண்டி, அது திறந்துவிடும் தோற்பரப்பையும் குறிக்கலாயிற்று. அழகுசாதன விளம்பரங்களில் அந்தப் பொருளில்தான் வருகிறது. அங்கே 'கழுத்திறக்கம்' பொருந்தாது. 'கழுத்தும் மேல்மார்பும்' என்று எழுதிவிடலாம். அங்கும் 'கவர்ச்சி'க்கு வேலையில்லை.