எதிர்ப்பு சக்தியைக் கூட்டச் சொல்லும் சொந்தங்களுக்கு

முப்பத்திரண்டு வருடம் உயிரியல் வகுப்பில் நான் சொன்னது: ஆன்டிபாடி என்றால் உடம்பின் போர்வீரன். கரும்பலகையில் ஒய் வடிவில் வரைந்து கையில் ஒரு வாளும் கொடுப்பேன். பழைய பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். அந்தப் பாடத்தில் பாதியை விட்டுவிட்டேன்.

என் தங்கைக்கு ஒரு வருடமாக மூக்கடைப்பு, மூக்கைச் சிந்தினால் இரத்தப் பொருக்கு. சைனஸ் என்றிருந்தோம். பிறகு இருமலில் இரத்தம், எக்ஸ்ரேயில் குழி. காசநோய் என்று பயந்தோம். சளியில் கிருமி இல்லை. கடைசியில் ஆன்கா என்ற இரத்தப் பரிசோதனையும், மூக்கிலிருந்து எடுத்த சதைத் துணுக்கும்தான் காட்டிக்கொடுத்தன. ஜி.பி.ஏ. என்கிறார்கள். சின்ன இரத்தக்குழாய்கள் வீங்கிப் புண்ணாகும் நோய்.

ஆன்கா என்பதும் ஆன்டிபாடிதான். வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் என்று ஒரு வகை. கிருமியைக் கொல்ல அது வைத்திருக்கும் நொதிகளில் ஒன்று புரோட்டினேஸ் 3. தங்கையின் ஆன்டிபாடி அதையே எதிரி என்று பிடிக்கிறது. பிடிபட்ட அணு வெறிகொண்டு இரத்தக்குழாய்ச் சுவரிலேயே நொதியைக் கொட்டுகிறது. மூக்கு, மூச்சுக்குழாய், நுரையீரல், சத்தமே இல்லாமல் சிறுநீரகம். (டாக்டராகிவிட்ட பிள்ளைகளுக்கு ஒன்று: மூச்சுப்பாதையோடு நிற்கும் நோயில் ஆன்கா நெகடிவாகவும் வரும். அதை வைத்து யாரையும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.)

தன் வீட்டையே கொளுத்தும் வீரனுக்கு இன்னும் பந்தம் கொடுப்பீர்களா? "எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்தா? நிறுத்தும்மா, கஷாயம் குடி" என்று குடும்பக் குழுவில் எழுதியவரைத்தான் கேட்கிறேன். பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும். தங்கை யாரிடமும் சொல்லாமல் பதினெட்டு நாள் மாத்திரையை நிறுத்தினாள். பிறகு ஒரு ராத்திரி, மூச்சை இழுக்கும்போதெல்லாம் விசில் சத்தம். குரல்வளைக்குக் கீழே குழாய் சுருங்கியிருந்தது.

சரியான மருந்து இல்லாத காலத்தில் இந்த நோய்க்காரர்கள் சராசரியாக ஐந்து மாதமே இருந்ததாக 1958இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவர் எழுதினார். இன்று ஸ்டீராய்டும், ஆன்டிபாடியை உண்டாக்கும் பி செல்களைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் ஊசியும் இருக்கின்றன. அவற்றால் தொற்று வரலாம், உண்மைதான். காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுகிறோம். அதற்காக மருந்தை நிறுத்துவதா?

அடுத்த ஊசி புதன்கிழமை. பார்க்க வருகிறவர்கள் முகக்கவசம் போட்டு வாருங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் போன் போதும். கஷாயப் பாட்டிலோடு யாரும் வரவேண்டாம். அவளுக்குச் சாத்துக்குடி பிடிக்கும்.