கில்டி ப்ளஷராம்! எதுக்குங்க கில்டி?

ஃப்ரெஷர்ஸ் டேல மைக்கை நீட்டி "பிடிச்ச படம் எது?"ன்னு கேட்டா நோலன் படம் ஒண்ணைச் சொல்லுவோம். அதே ஆள் ராத்திரி ரூமுக்கு வந்து, ஒரு லேப்டாப் முன்னாடி ஆறு பேரோட நெருக்கியடிச்சு உட்கார்ந்து 'டிடி ரிட்டர்ன்ஸ்' பார்த்து உருண்டு உருண்டு சிரிப்பார். மாட்டிக்கிட்டா ஒரே பதில்தான்: "அது சும்மா கில்டி ப்ளஷர் மச்சி, மூளையைக் கழட்டி வெச்சுட்டுப் பாரு."

இந்த மூளையைக் கழட்டுற விஷயத்துலதான் எனக்குச் சண்டை.

தெரியாம சிரிப்பு வரவைக்கிற பேய்ப்படம் வேற, தெரிஞ்சே தன்னைத்தானே கலாய்க்கிற பேய்ப்படம் வேற. 1978-ல் விட்டலாச்சார்யா எடுத்த 'ஜகன்மோகினி'யில் பேய் தன் காலையே விறகா அடுப்புக்குள்ள விட்டுச் சமைக்கும். நம்ம பாட்டிங்க பயந்தாங்க. நாம ரீல்ஸ்ல பார்த்துச் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு நம்மளோடது, படத்தோடது இல்ல. ரெண்டாவது வகைப் படத்துக்கு எல்லாம் தெரியும். தனி பங்களா, தானா திறக்கிற கதவு, இன்டர்வெலுக்கு அப்புறம் வர்ற மந்திரவாதி, அதுக்கப்புறம் ஒரு ஃப்ளாஷ்பேக். இதெல்லாம் உங்களுக்கும் மனப்பாடம்னு அதுக்குத் தெரியும். அதை வெச்சுத்தான் விளையாடும்.

2016-ல் வந்த 'தில்லுக்கு துட்டு'வை எடுத்துக்கோங்க. இயக்கம் ராம்பாலா, 'லொள்ளு சபா' எடுத்தவர். சந்தானத்தைத் தீர்த்துக்கட்ட மொட்டை ராஜேந்திரன் ஒரு பங்களாவில் போலிப் பேய்களை செட் பண்றார். அங்கே ஏற்கெனவே நிஜப் பேய் குடியிருக்கு. எது செட்டப், எது ஒரிஜினல்னு அங்க இருக்கிறவங்களுக்கே குழப்பம். இந்தக் காமெடி எடுபடணும்னா, எந்த நொடியில யாருக்கு என்ன தெரியும்னு எழுதினவர் கணக்கு வெச்சிருக்கணும். ஸ்டேட் டயக்ராம் போட்டவங்களுக்கு அந்த வலி புரியும். "லாஜிக்கே இல்ல"ன்னு சொல்றவங்க, ஒரு தடவை அந்த மாதிரி ஒரு சீன் எழுதிப் பாருங்க.

'யாமிருக்க பயமே' (2014) இதைவிட எனக்குப் பிடிச்சது. பழைய பங்களாவை ஹோட்டலாக்குறாங்க, தங்க வர்றவங்க வரிசையா செத்துப்போறாங்க. கிருஷ்ணாவுக்கும் கருணாகரனுக்கும் பேய் பயத்தைவிட பெரிய கவலை, பிணத்தை எங்க புதைக்கிறது, ஹோட்டல் பேர் கெட்டுடாம எப்படிப் பார்த்துக்கிறது. 'டிடி ரிட்டர்ன்ஸ்'ல (2023) பேய் கேம் ஷோ நடத்துது. அமெரிக்காவிலும் இதே கூத்துதான்: 'ஈவில் டெட் 2'ல் (1987) ஹீரோ தன்னையே அடிக்கிற தன் கையை வெட்டி, வாளியைக் கவுத்து மூடி, மேலே பாரமா ஹெமிங்வேயோட 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலை வைப்பார்.

(ஒரு சந்தேகம். நம்ம பேய் ஏன் எப்பவும் ஊட்டி, பாண்டிச்சேரின்னே குடியிருக்கு? நாவலூர்ல இருந்து சிறுசேரி வரைக்கும் ராத்திரி நாலு ஜன்னல்ல மட்டும் லைட் எரியுற எத்தனை டவர் நிக்குது! ஆனா கேட்ல செக்யூரிட்டி ஆப்ல அப்ரூவல் வாங்காம பேயையே உள்ள விடமாட்டார், அதான் பிரச்சனை.)

இப்போ மூளைக்கு வருவோம். அதைக் கழட்டி வெச்சுட்டா நல்ல ஜோக்கோட சேர்ந்து சோம்பேறி ஜோக்கும் கேள்வி கேட்காம உள்ள வந்துடும். குண்டா ஒரு பொண்ணு நடந்து வந்தா ஒரு பிஜிஎம், கறுப்பா இருக்கிறவர் பவுடர் போட்டா ஒரு கவுன்ட்டர். இதுல படம் தன்னைக் கலாய்ச்சுக்கல. திருப்பிப் பேச முடியாத ஒருத்தரைக் கலாய்ச்சுட்டு, "சும்மா ஜாலிக்கு"ன்னு நழுவுது. மறுநாள் மெஸ் க்யூல அதே வார்த்தையால யாரையோ கூப்பிடுவாங்க. அவனும் சேர்ந்து சிரிப்பான். வேற என்ன பண்ணுவான்?

'காஞ்சனா' (2011) ரெண்டையும் ஒரே படத்துல செய்யுது. லாரன்ஸ் உடம்புல பேய் புகுந்து, அவர் பெண் மாதிரி நளினமா நடக்கும்போது தியேட்டர் சிரிக்குது. அப்புறம் சரத்குமார் நடிச்ச திருநங்கையோட கதை வருது: வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர், இன்னொரு திருநங்கைப் பொண்ணை டாக்டருக்குப் படிக்க வைக்கிறவர். அதைப் பார்த்த பிறகு முதல் பாதியை மறுபடி ஓட்டிப் பாருங்க. அதே நடைக்கு அதே மாதிரி சிரிக்க எனக்கு வரல. கோவை சரளா இடுப்புல லாரன்ஸ் குதிச்சு ஏறுற சீனுக்கு மட்டும் இன்னிக்கும் வயிறு வலிக்கச் சிரிக்கிறேன். அங்க மாட்டுறது பயந்தாங்கொள்ளி ஹீரோதான், ஃபைட் சீன்ல பறக்கிற அதே ஹீரோ.

அதனால கில்டியை இடம் மாத்தி வைங்க. பேய்ப்படத்துக்குச் சிரிச்சதுக்கு வேண்டாம். யாரைப் பார்த்துச் சிரிச்சோம்ங்கிறதுக்கு வேணும்னா கொஞ்சம் வெச்சுக்கலாம்.

இந்த சனிக்கிழமை எங்க ரூம்ல 'பெட்ரோமாக்ஸ்' (2019). மனுஷங்களைப் பார்த்துப் பேய் பயப்படுற படம். ஸ்பீக்கர் எங்ககிட்ட இருக்கு, சிப்ஸ் நீங்க கொண்டு வாங்க. முடிஞ்சதும் காரிடார் கடைசி பாத்ரூமுக்குத் தனியா போக முடியலைன்னா சொல்லுங்க, ரெண்டு பேர் துணைக்கு வர்றோம்.