மலையகம் கடந்து வந்த கடலை ஆராய்வார் யார்?

பதுளையில் நின்று கடலைப் பற்றிப் பேசுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். நாற்புறமும் மலை சூழ்ந்த நகரம் இது. அலையோசை எட்டாத ஊர். ஆயினும் இம்மலைகளிற் பிறக்கும் நீர் எங்கே போய்ச் சேருகிறது என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பதுளை ஓயா மகாவலியிற் கலந்து, திருக்கோணமலையின் கொட்டியாரக் குடாவிலே கடலை அடைகிறது. நமுனுகுலை மலையிலே தோன்றும் மாணிக்க கங்கை, கதிர்காமத்தைக் கடந்து தென்கிழக்குக் கடலில் விழுகிறது. பண்டாரவளைப் பக்கத்தில் ஊற்றெடுக்கும் கிரிந்தி ஓயா தென்கடலை நாடி ஓடுகிறது. ஊவாவின் நீர் கடலை நோக்கிப் போகிறது. ஊவாவின் தோட்டங்களைத் தம் வியர்வையால் நனைத்த மக்களோ கடலைக் கடந்து இங்கு வந்தவர்கள். அந்தக் கடலின் வரலாற்றை எழுதியவர் யார்? எழுதப் போகிறவர் யார்? இதுவே இன்று நாம் கேட்க விரும்பும் கேள்வி.

கடல்சார் வரலாறு இன்று உலகெங்கும் தனிப்பெருந் துறையாக வளர்ந்துவிட்டது. நமது தீவும் அதற்குப் புறம்பானதன்று. அம்பாந்தோட்டை மாவட்டத்தின் கொடவாயக் கரைக்கு அப்பால், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய கப்பலொன்று 2003ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதை முதலிற் கண்டவர்கள் பேராசிரியர்கள் அல்லர். அப்பகுதிக் கடலில் முக்குளித்துப் பிழைப்பவர்களே. பின்னர் அறிஞர்கள் இறங்கி, கண்ணாடிக் கட்டிகளையும் மட்கலங்களையும் வெளிக்கொணர்ந்தனர். காலித் துறைமுகத்தில் 1659இல் உடைந்த ஒல்லாந்தரின் அவொண்ட்ஸ்டர் கப்பலும் முறையாக ஆராயப்பட்டது. சீனத் தளபதி செங் ஹோ நிறுவிய கல்வெட்டு, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியில் அமைந்தது. 1409ஆம் ஆண்டைத் தாங்கியது. அது 1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தவாறே மீட்கப்பட்டது. இன்று கொழும்பு அரும்பொருட்சாலையில் அது காக்கப்படுகிறது.

தமிழ் அறிஞரும் இத்துறையிற் பின்தங்கினாரல்லர். யாழ்ப்பாணத்தில் தோன்றி, ஆஸ்திரேலியாவின் ஆமிடேல் நகரிலே பேராசிரியராய் விளங்கி, 1998இல் மறைந்த சின்னப்பா அரசரத்தினம், சோழமண்டலக் கரையின் வணிகரையும் கடல் வாணிபத்தையும் ஆராய்ந்து உலகப்புகழ் பெற்றார். ஐந்நூற்றுவர் முதலிய வணிக கணங்களின் கல்வெட்டுகளை இந்திரபாலாவும் பத்மநாதனும் ஆராய்ந்து, தமிழ் வணிகர் இத்தீவின் உட்பகுதி வரை வந்து நிலைத்ததை ஐயந்திரிபற நிறுவினர். இவற்றையெல்லாம் நாம் பெருமையுடன் போற்றுகின்றோம்.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாதிருக்க இயலவில்லை. சோழரின் கடற்படையைப் பற்றிப் பேசாத தமிழ் மேடை இல்லை. ஒல்லாந்தரின் கப்பலுக்கு ஆராய்ச்சி உண்டு. சீனரின் கல்லுக்குக் கண்ணாடிப் பேழை உண்டு. இந்தக் கடலை அண்மை நூற்றாண்டுகளில் கடந்தவர்களுள் மிகப் பெருந்தொகையினர் யார்? மன்னரா? வணிகரா? அல்லர். கையிலே ஒரு மூட்டையும் இடுப்பிலே ஒரு குழந்தையுமாக வந்த தோட்டத் தொழிலாளரே. அவர்கள் வரலாறு தொழிலாளர் வரலாறு என்றும், தோட்ட வரலாறு என்றும், குடியுரிமை வரலாறு என்றும் எழுதப்பட்டிருக்கிறது. கடல் வரலாறு என்று எழுதப்பட்டது மிகக் குறைவு. அரசன் கடந்தால் அது கடல் வரலாறு. கூலிக்காரன் கடந்தால் அது வெறும் ஆட்கடத்தற் கணக்கா?

அந்தப் பயணத்தின் உருவத்தைச் சிறிது நினைவுகூர்வோம். கோப்பிக் காலத்தில் தொண்டி, பாம்பன் முதலிய துறைகளிலிருந்து தோணிகளில் ஏறினர் நம் முன்னோர். மன்னார்க் கரையில் இறங்கியபின், காடும் வறட்சியும் நிறைந்த வடபாதையிலே நடந்து, மாத்தளையை அடைந்து, அங்கிருந்து மலைகளுக்குப் பிரிந்தனர். கொள்ளைநோய் அவர்களைத் தொடர்ந்து வந்தது. அக்காலத்தில் பலர் ஒருமுறை மட்டும் வந்தவரல்லர். கோப்பிப் பறிப்புக் காலத்துக்கு வருவதும், முடிந்ததும் ஊர் திரும்புவதுமாக ஆண்டுதோறும் கடலைக் கடந்தவர்கள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் பயிர் தேயிலை. ஆகவே குடும்பத்தோடு குடியேற வேண்டியதாயிற்று. பயிர் மாறியது, பயணத்தின் இயல்பும் மாறியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண் பொறித்த தகர வில்லையைக் கொடுத்து ஆட்களை அனுப்பும் முறை வந்தது. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்பதெல்லாம் அந்தச் சிறு தகரத்திலே அடங்கின. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. மண்டபம் முகாமிலே நாட்கணக்கில் தடுத்து வைத்து, நோய் சோதித்து, அம்மை குத்தி, பின்னரே கப்பலேற்றினர். 1924இல் புகையிரதப் பாதை பதுளை வரை நீண்டது. கடலோரத்து முகாமிலே பதிவான ஓர் ஆள், இரும்புப் பாதையின் முடிவிலே, நமது பதுளையிலே வந்திறங்கினான். இந்தக் கடல்வழியும் அந்த இருப்புவழியும் ஒரே வழியின் இரு பாதிகள். ஊவாவின் தோட்டங்கள் பாக்கு நீரிணையின் மறு கரைகளே என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்திய அரசு 1939 ஆகஸ்டில் தொழிலாளர் வருகையைத் தடைசெய்தது. பின்னர் கடல் எதிர்த்திசையிலே பாய்ந்தது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், 3 லட்சம் பேருக்கு இங்கு குடியுரிமை வழங்குவதென்றும், அம்மக்களைக் கேளாமலே பங்கிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்துக்கே கப்பல் ஓடியது. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட வண்டிகளை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தனர். 'இராமானுஜம்' கப்பலில் ஏறி, திரும்பிப் பார்த்துக்கொண்டே போனவர்கள் எத்தனை குடும்பத்தார்! அண்ணன் ஒரு கரையில், தங்கை மறு கரையில். 1980களில் போரின் நெருப்பிலே அக்கப்பலும் நின்றது.

இவ்வளவு பெரிய வரலாற்றில் நமக்கு உறுதியாகத் தெரிந்தது எவ்வளவு? 1864இல் மூழ்கியதாகக் கூறப்படும் 'ஆதிலட்சுமி' என்னும் கப்பலின் பெயரை மேடைதோறும் கேட்கின்றோம். அப்பெயரை உச்சரித்த நாவுகளுள் எத்தனை, அதன் பயணிகளின் பெயரைத் தேடின? வடபாதையில் மாண்டவர் தொகையைப் பற்றி வரலாற்றறிஞரிடையே நெடுங்காலமாக வழக்கு உண்டு. வந்தவர் தொகையிலிருந்து திரும்பியவர் தொகையைக் கழித்து, எஞ்சியவரில் பெரும்பகுதியினர் இறந்தனர் என்று கணக்கிட்டவர்கள் உளர். துறைகளிலே எடுத்த அந்தக் கணக்கே பிழைபட்டது என்று மறுத்தவர்களும் உளர். அன்பர்களே, இதன் பொருளை உணருங்கள்: நம் பாட்டன்மார் கழித்தற் கணக்கிலே மாண்டவர்கள்! அவர்களுக்குக் கல்லறை இல்லை, பெயர்ப்பட்டியல் இல்லை, ஒரு கழித்தற் கோட்டின் கீழே எஞ்சிய எண்ணாகவே அவர்கள் இருக்கின்றனர்.

"கூலி போதவில்லை, காணி இல்லை, லயத்துக் கூரை ஒழுகுகிறது, இந்நிலையில் கப்பல் ஆராய்ச்சி எதற்கு?" என்று கேட்பவர் இருப்பர். நியாயமான கேள்வியே. அதற்கு நாம் தரும் விடை இது: அந்தக் கடற்பயணத்தின் சான்று இல்லாமற் போனதாலேயே இம்மக்கள் காணியையும் குரலையும் இழந்தனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனோ இங்குப் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது வாழ்ந்ததைக் காட்டச் சொன்னது. ஊருக்குப் போய்த் தாய் தந்தையரைக் கண்டு திரும்பிய பயணமே பலருக்குச் சோதனையாயிற்று. 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேரே ஏற்கப்பட்டனர். விந்தையைப் பாருங்கள்! ஆளை எண்ணி, எண் கொடுத்து, அம்மை குத்தி, கப்பலேற்றி அழைத்து வந்தது ஆட்சி. ஏடுகளை வைத்திருந்ததும் ஆட்சி. ஆனால் "நீ எப்போது வந்தாய்? சான்று எங்கே?" என்று எழுதப்படிக்கத் தெரியாத தொழிலாளியை நோக்கிக் கேட்டதும் அதே ஆட்சி! 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் நாடற்றோர் என்னும் இழிவு சட்டத்தளவில் நீங்கியது. இடைப்பட்ட அரை நூற்றாண்டை எவர் திருப்பித் தருவார்?

இன்றும் "நீங்கள் தோணியில் வந்தவர்கள்" என்ற ஏளனம் எங்கோ ஒரு மூலையில் ஒலிக்கவே செய்கிறது. விசயன் வந்த கதையிலும் ஒரு கப்பல் உண்டு என்பதை அப்படிச் சொல்பவர் மறந்துவிடுகின்றனர். தீவிலே வாழ்பவர் எவரது பழங்கதையும் கடலைக் கடந்தே தொடங்குகிறது. கடலைக் கடந்து வந்தது குறையன்று. எப்படிக் கடந்தோம் என்பதை அறியாதிருப்பதே குறை.

நம்மவரின் பொறுப்பையும் மறைக்க வேண்டியதில்லை. 1948இல் மலையக மக்களின் உரிமை பறிபோனபோது தமிழ்த் தலைவர்கள் எல்லாரும் ஒரே அணியில் நின்றாரல்லர். அந்தப் பிளவு அறிவுலகிலும் பதிந்திருக்கிறது. வடக்கின் துறைமுகங்களை ஆராய்வோர் மன்னார்த் துறையில் இறங்கிய தொழிலாளியோடு மலையேறிப் பார்ப்பதில்லை. மலையகத்தை ஆராய்வோர் தேயிலைச் செடியிலிருந்தே தொடங்குகின்றனர், தோணியிலிருந்து தொடங்குவதில்லை. இரு வரலாறுகளும் கைகோத்தாலன்றி முழு உண்மை வெளிப்படாது. 2023 ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்டு, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நடந்து, ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்த அந்த நினைவுப் பயணம் கால்களாற் செய்த ஆராய்ச்சி. அதைக் கண்களாலும் எழுதுகோலாலும் தொடர வேண்டியது நம் கடன்.

செய்ய வேண்டியவை யாவை? முதலாவது, தோட்ட அலுவலகங்களிலுள்ள பழைய பெயரேடுகளையும், செக்ரோல்களையும், பிறப்பு இறப்புக் குறிப்புகளையும் காக்க வேண்டும். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் மீண்டும் கம்பெனிகளின் நிருவாகத்துக்குப் போயின. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் நிலத்தை அளந்தனர், மரத்தை எண்ணினர். ஏடுகளை எண்ணியவர் யார்? 2014 அக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்தபோது, மனிதரோடு லயங்களும் அவற்றிலிருந்த ஆவணங்களும் புதைந்தன. மலையகத்தில் மழையும் கறையானும் காத்திருப்பதில்லை. இவ்வேடுகளைப் படியெடுத்து, தேசிய சுவடிகள் கூடத்தின் பொறுப்பிலே ஒரு படியும், பதுளையிலே ஒரு படியும் வைக்கும்படி ஊவாவின் மக்கள் பிரதிநிதிகள் பாராளுமன்றத்திலே வற்புறுத்த வேண்டும்.

இரண்டாவது, கொழும்புச் சுவடிகள் கூடத்திலும், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாட்டு ஆவணக் காப்பகத்திலும், இலண்டனிலே சி.ஓ. 54 என்னும் வரிசையிலும் சிதறிக் கிடக்கும் பத்திரங்களை ஒருங்கே காட்டும் தமிழ் அட்டவணையொன்று வேண்டும். இதற்கு அரசின் கருணையை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. மருத்துவர்களே, வழக்கறிஞர்களே, கணக்காளர்களே, ஆசிரியர்களே! உங்களுள் பலர் அந்தத் தகர வில்லை அணிந்தோரின் பேரப்பிள்ளைகள். தோட்டத்திற் பிறந்த ஒரு மாணவனையோ மாணவியையோ கடல் வரலாற்றாராய்ச்சிக்கு அனுப்பும் செலவை ஒரு மாவட்டத்தின் படித்தோர் கூடிச் சுமக்க முடியாதா?

மூன்றாவது பணிக்குப் பட்டம் வேண்டாம். வெலிமடையிலும் பண்டாரவளையிலும் உருளைக்கிழங்கும் கோவாவும் பயிரிடும் அன்பரே, உம் வீட்டு மூதாட்டியின் அருகே ஒரு மாலைப்பொழுது அமரும். எந்த ஊர், எந்தத் துறை, எந்தக் கங்காணி, கடலில் எத்தனை நாள், வழியில் யாரை இழந்தோம் என்று கேளும். சொன்னதைச் சொன்னபடியே, நாளிட்டு எழுதி வையும். 'இராமானுஜம்' கப்பலில் ஏறிப்போன உறவினர் நீலகிரியிலோ திருச்சியிலோ இருப்பின் அவருக்கும் எழுதும். விதைநெல்லைக் காப்பவனுக்கு நினைவைக் காப்பது புதிய கலையன்று.

கொடவாயக் கப்பலைக் காட்டிக் கொடுத்தவர் முக்குளிப்போர். நம் கப்பலைக் காட்டிக் கொடுக்க வல்லவர் நம் லயத்துத் திண்ணையிலே இருக்கின்றனர். ஆனால் கடலடியிற் கிடந்த கப்பல் இரண்டாயிரம் ஆண்டு காத்திருந்தது. திண்ணையில் இருப்பவர் அவ்வளவு காலம் காத்திருக்கமாட்டார்.